சொட்டுத் தண்ணி இல்லாத பீச்

காலனியில எல்லாரும் கேட்டாச்சு. குழாயடியில கேட்டாங்க, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல கேட்டாங்க, ரேஷன் கடையில முன்னப் பின்ன தெரியாத ஒரு அம்மா கூட கேட்டுச்சு. "என்ன அக்னஸ் அக்கா, பீச் ஓட்டல்ல போய்த் தங்கிட்டு வந்தீங்களாமே, எப்படி இருந்துச்சு?" கேக்கும்போதே வாயோரத்துல ஒரு சிரிப்பு. சிரிங்க. சிரிக்கறதுக்குக் காசா பணமா? நானும் இத்தனை நாளா "ஏதோ இருந்துச்சு"ன்னு மழுப்பிட்டேன். இன்னைக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன். அப்புறம் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது.

எங்க வீட்டுக்காரர் பேரு தைரியராஜ். பொன்மலை ஒர்க்‌ஷாப்புல இருபது வருஷமா ரயில் பெட்டிக்கு வைத்தியம் பாக்கறவர். ஞானஸ்நானத்துல அந்தப் பேரை வச்ச சாமியார் பெரிய தமாஷ்காரரா இருந்திருக்கணும். ரயிலாலேயே சோறு திங்கிற இந்த மனுசன் அஞ்சு வருஷமா ரயில்ல ஏறினது கிடையாது. "ஏங்க?"ன்னு கேட்டா, "நான் ரிப்பேர் பாத்த வண்டி. அதோட லட்சணம் எனக்கில்ல தெரியும்"பார். கேக்கறவங்க சிரிச்சிட்டுப் போயிடுவாங்க.

உண்மையான காரணம் எனக்குத் தெரியாம இல்லை. ஐம்பத்தாறுல அரியலூர் பக்கத்துல வெள்ளத்துல பாலம் போயி, மெட்ராஸ்லேர்ந்து வந்த வண்டி ஆத்துக்குள்ள எறங்குச்சே, அப்ப பெட்டியத் தூக்க இங்கேருந்து கிரேனோட போன ஆளுங்கள்ல இவரும் ஒருத்தர். மூணு நாள் கழிச்சு வந்தார். குளிச்சார், படுத்தார், மறுநாள் சங்கு ஊதினதும் வேலைக்குப் போயிட்டார். ஒரு வார்த்தை பேசலை. பயந்துட்டார், போகப் போகச் சரியாயிடும்னு விட்டுட்டேன். அஞ்சு வருஷம் விட்டேன். பயப்படறதுக்கும் ஒரு அளவு வேணாமா?

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. கடலைப் பாக்கணும். நான் பொறந்தது புள்ளம்பாடி. அங்க ஏரி இருக்கு, எருமை இருக்கு, கடல் இல்லை. கல்யாணமான புதுசுல, "வேளாங்கண்ணி மாதாவையும் காட்டறேன், கடலையும் காட்டறேன்"னார். அப்புறம் பெரியவன் வயித்துல, அப்புறம் சின்னவ, அப்புறம் ரெண்டுக்கும் அம்மை, அப்புறம் அரியலூர். ரயில்வேக்காரங்களுக்கு வருஷா வருஷம் இலவச பாஸ் உண்டுல்ல? அதை மட்டும் ஒழுங்கா நாகப்பட்டினத்துக்கு எழுதி வாங்கிட்டு வருவார். "இந்தா, வச்சுக்க"ன்னு குடுப்பார். நான் மாதா படத்துக்குப் பின்னாடி சொருகுவேன். தேதி முடிஞ்சதும் எடுத்துக் குப்பையில போடுவேன். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க.

இந்த வருஷம் பெரியவன் செமினரிக்குப் போயிட்டான், சின்னவ கான்வென்ட் ஹாஸ்டலுக்குப் போயிட்டா. இனிமே எனக்கென்ன பயம்? "கடலைக் காட்டற வரைக்கும் இந்த அடுப்புல பூனைதான் படுத்திருக்கும்"னேன். சொன்னபடி பூனை ரெண்டு வேளை படுத்துச்சு. மூணாம் வேளைக்கு மனுசன் ஒரு நோட்டீஸோட வந்து நின்னார்.

ரோஸ் கலர் காகிதம். 'ஓஷன் பீச் ஓட்டல். பினாங்கு, சிங்கப்பூர் பாணியில் கடற்கரை வாசம். படகு சவாரி, சங்கீதம், சுத்தமான சைவ உணவு. ஸ்ரீரங்கம், அம்மா மண்டபம் அருகில்.'

நான் ரெண்டு தடவை படிச்சேன். "சீரங்கத்துல ஏதுங்க கடல்?"

"கடல்னு யாரு சொன்னா? பீச். பீச்சுன்னா என்ன, மணல்தானே? காவேரியில இல்லாத மணலா?"

"தண்ணி?"

"இந்த மாசத்துல காவேரியில ஏதும்மா தண்ணி? சொட்டு இருக்காது." சொல்லும்போது அவர் முகத்துல அப்படி ஒரு நிம்மதி. பொண்டாட்டிய பீச்சுக்குக் கூட்டிட்டுப் போற புருசன், அங்க தண்ணி இல்லைன்னு சந்தோஷப்பட்டதை உலகத்துலயே நான் ஒருத்திதான் பாத்திருப்பேன்.

சரி, எதுக்குப் போனேன்? ரெண்டு காரணம். ஒண்ணு, சோறு வேற யாரோ ஆக்கிப் போடறாங்க. அதுக்கு நான் சுடுகாட்டுல கூட போய்த் தங்குவேன். ரெண்டாவது, இவரைத் தனியா வச்சு மடக்கிட்டா, அப்படியே அங்கேருந்து நாகப்பட்டினத்துக்கு ரயிலேத்திடலாம்னு ஒரு கணக்கு. பாஸ் முடிய இன்னும் ரெண்டு வாரம் இருந்துச்சு. யாருக்கும் தெரியாம சுருக்குப் பையில போட்டு இடுப்புல சொருகிக்கிட்டேன்.

பஸ் காவேரிப் பாலத்து மேல போகும்போது ஜன்னல் வழியா கீழயே பாத்துட்டு வந்தார். கீழ வெறும் மணல், அங்கங்க ரெண்டு மாடு. ஆடிப் பெருக்குக்கு ஊரே ஆத்தைப் பாக்கப் போகும், இவர் மட்டும் வருஷா வருஷம் அன்னைக்குத்தான் ஓவர்டைம் பாப்பார். அதையெல்லாம் நான் அப்ப முடிச்சுப் போட்டுப் பாக்கலை.

ஓட்டல் முதலாளி பேரு பெரியண்ணன். மணப்பாறைக்காரர். அங்க மாட்டுச் சந்தையில தரகு பாத்துட்டு, அப்புறம் பினாங்குக்குப் போயி பத்து வருஷம் இருந்துட்டு வந்தவர். வாயைத் திறந்தா பினாங்குதான். "பினாங்குல நான் பாக்காத பீச்சாங்க?"ன்னு ஆரம்பிப்பார். மாடு விக்கிற வாய் அது. பல்லைக் காட்டியே கிழட்டு மாட்டைக் கன்னுக்குட்டின்னு வித்துடும்.

வாசல்ல ஒரு போர்டு. அதுல தென்னை மரம், நீலக் கடல், நடுவுல ஒரு வெள்ளைக்காரி நின்னுட்டிருந்தா. மொதல்ல அவளைக் குளிக்கிற உடுப்போட வரைஞ்சிருக்காங்க. சீரங்கத்துப் பெரியவங்க வந்து சத்தம் போட்டதும், மேலயே ஒரு மடிசார் சேலைய வரைஞ்சு விட்டுட்டாங்க. முகம் வெள்ளைக்காரி, கட்டு மடிசார். அவளைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு, நாம வந்து மாட்டிக்கிட்டோம்னு.

அறைன்னா அறை இல்லை. ஆத்து மணல்ல மூங்கிலை நட்டுக் கீத்து வேஞ்ச குடிசைங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு. பக்கத்துது சிங்கப்பூர், எங்களுது கொழும்பு. கொழும்புல ரெண்டு கயித்துக் கட்டில், ஒரு மண் பானை, ஒரு கண்ணாடி. கண்ணாடியில பாதி ரசம் போயிருந்துச்சு, நல்லவேளை.

எங்க வீட்டுக்காரர் பெட்டியைக் கீழ வைக்கறதுக்கு முன்னாடி கேட்ட மொதக் கேள்வி, "தண்ணி எப்பங்க வரும்?"

பெரியண்ணன் குளிக்கிற தண்ணின்னு நினைச்சுக்கிட்டார். "தனி ஊத்து தோண்டியிருக்கோம்ங்க."

"அதில்லைங்க. ஆத்துல."

"ஆத்துலயா? எங்க மணப்பாறைப் பக்கத்துல ஆறெல்லாம் மழை பேஞ்சாத்தான் வரும். இங்க வானத்தைப் பாருங்க, ஒரு மேகம் இருக்கா? ஐப்பசி வரைக்கும் கவலையே படாதீங்க!"

எங்காளு சந்தோஷமாத் தலையாட்டினார். நான் இந்தப் பக்கம் சிவனேன்னு நிக்கறேன். ஒருத்தர் மணப்பாறை, மழை பேஞ்சாத்தான் ஆறுங்கறவர். இன்னொருத்தர் பொன்மலை, ஆத்துப் பக்கமே தலை வச்சுப் படுக்காதவர். நான் புள்ளம்பாடி. மேட்டூர்னு ஒரு ஊர் இருக்கு, அங்க ஒரு அணை இருக்கு, அதைத் திறந்தா மூணு நாள்ல தண்ணி சீரங்கத்துக்கு வரும்னு எங்க மூணு பேர்ல ஒருத்தருக்கும் அந்த நேரத்துல உறைக்கலை. சீரங்கம் முழுக்கத் தெரிஞ்சிருக்கு. ஆத்துக்குள்ள குடிசை போட்டு ஓட்டல் நடத்தறவருக்குத் தெரியாமலா இருக்கும்னு அவங்க சும்மா இருந்துட்டாங்க.

இப்ப ஓட்டல் சுகத்தைச் சொல்றேன். பத்து மணிக்கு மேல மணல்ல கால் வைக்க முடியாது. கக்கூஸ் அந்தக் கோடியில. போகணும்னா ஒரு ஈரத் துண்டைப் போட்டு அதுல நின்னு, இன்னொண்ணை முன்னாடி போட்டு அதுக்குத் தாவி, அப்படியே போகணும். நான் போயிட்டு வந்ததைப் பாத்து சிங்கப்பூர்ல கை தட்டினாங்க. 'கடல் குளியல்'னா ஊத்துப் பக்கத்துல குத்த வச்சு, ஒரு தகர டப்பாவுல மோந்து மோந்து ஊத்திக்கறது. நிழலுக்குப் பெரிய குடை உண்டு. ஆத்தங்கரையில திவசம் பண்ணி வைக்கிற சாஸ்திரிகிட்ட வாடகைக்கு வாங்கினது. சாஸ்திரிக்குக் கிராக்கி வந்துட்டா குடையப் புடுங்கிட்டுப் போயிடுவார். சங்கீதம்னா ஒரு கிராமபோன். அதுக்குள்ள மணல் பூந்து, பாட்டுக்காரருக்கு இருமல் வந்த மாதிரிப் பாடிச்சு.

படகு சவாரியச் சொல்லலையே! ஒரு பரிசல். காஞ்ச மணல்ல கெடந்துச்சு. அதுல எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு, பெரியண்ணனே விளிம்பைப் புடிச்சு இப்படியும் அப்படியும் ஆட்டினார். "கண்ணை மூடிக்குங்க, பினாங்குல இருக்கற மாதிரியே இருக்கும்"னார். கண்ணை மூடினேன். பல்லுல மணல் கடிபட்டுச்சு. பினாங்கு அப்படித்தான் இருக்கும் போல.

சிங்கப்பூர்ல இருந்தது பாலக்கரைத் தோல் வியாபாரி ஒருத்தரும் அவர் வீட்டம்மா சாரா பீவியும். சாரா பீவி பொறந்தது நாகூர். கடற்கரையிலயே வளந்தவங்க. வந்த அன்னைக்கே வாசல்ல உக்காந்து வெத்திலையைக் குதப்பிக்கிட்டு, "எங்க ஊர்ல சும்மாக் கெடக்கற மணலுக்கு இங்க ஓட்டலா? அல்லாவே!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. எனக்கு அந்த அம்மாவை உடனே புடிச்சுப் போச்சு.

"கடல் எப்படிங்க இருக்கும்?"னு கேட்டேன்.

"அதை என்னான்னு சொல்ல? மொதல்ல சத்தம்தான் வரும். தெருவுல திரும்பும்போதே காதுல விழும். அப்புறம்தான் கண்ணுல படும்." வெத்திலையை ஓரமாத் துப்பிட்டு என் பக்கம் திரும்பினாங்க. "நாகூர் என்னா, சீமையிலயா இருக்கு? ராத்திரி ரயிலேறினா விடியக்காலம். இம்புட்டு வருஷமா உன்னைக் கூட்டிட்டுப் போகலையா அந்த மனுசன்?"

நான் என்னத்தைச் சொல்ல? "வேலை அதிகம்"னேன். ஊருக்கு முன்னாடி விட்டுக் குடுக்க முடியுதா?

சமையலுக்கு ஒரு சீரங்கத்து ஐயங்கார். "அடியேன், தளிகை ஆயிடுத்து, எழுந்தருளலாம்"னு கூப்பிடுவார். பொன்மலையில என்னை யாரும் எழுந்தருளச் சொன்னது கிடையாது. அதுக்காகவே ரெண்டு தடவை கூப்பிட விட்டுத்தான் போவேன். பீச் ஓட்டல்ல மீன் கிடையாது, முட்டை கிடையாது, வெங்காயம் கூட கிடையாது. ஆனா பொய் சொல்லக் கூடாது, சாப்பாடு தேவாமிர்தம். ரசத்துக்குச் சாத்தமுது, தயிர்சாதத்துக்குத் ததியோன்னம். மூணு வேளையும் கடைசியில அந்தத் ததியோன்னம் வந்துடும். எங்காளு மட்டும் இலையை மடிச்சுடுவார்.

அதுவும் ஒரு கூத்து. கல்யாணமான நாள்லேர்ந்து என் கையால தயிர்சாதம்னா உயிரை விடுவார். கொஞ்ச வருஷமா தொடறதில்லை. "வயித்துக்கு ஆகலை"ம்பார். நானும் சீரகம் தட்டிப் போட்டுப் பாத்தேன், மோரா ஊத்திப் பாத்தேன். ம்ஹூம். வயசானா நாக்கு செத்துடும்னு விட்டுட்டேன். சமையல் சாமிக்கு இது பெரிய மனக்குறை. "சுவாமி, ஒரு கவளம்"னு கெஞ்சுவார். இவர் முகத்தைத் திருப்பிக்குவார்.

ரெண்டாம் நாள் சாயங்காலம், வெயில் தணிஞ்சு காத்து வந்ததும், சுருக்குப் பையை அவுத்துப் பாஸை எடுத்து நீட்டினேன். "நாளைக்கு இங்கேருந்தே ஜங்ஷனுக்குப் போயிடலாங்க. நாகப்பட்டினம் போயிட்டு, திங்கக்கிழமை சங்குக்குள்ள வந்துடலாம்."

அவர் அதைப் பாத்தார். "அடுத்த வருஷம் பாக்கலாம்மா."

"அடுத்த வருஷமா? நான் என்ன எலவு காத்த கிளியா?" எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "நாலு பேர் ஏறிப் போற வண்டி உங்களை மட்டும் முழுங்கிடுமா? உங்களுக்குப் பயம்னா பயம்னு சொல்லித் தொலைங்க. நான் ஒத்தையாப் போயிட்டு வரேன்!"

"ஒத்தையாப் போகக் கூடாது." சத்தமாச் சொன்னார். கொழும்பு கீத்தெல்லாம் ஆடிச்சு. அப்புறம் சத்தத்தைக் கொறைச்சு, "இங்க நல்லாத்தானே இருக்கு? இதையே கடல்னு வச்சுக்கயேன்"னார்.

வச்சுக்கயேன்! இருபது வருஷமா நான் வச்சுக்கிட்டது எத்தனை. ஏரியைக் கடல்னு வச்சுக்கிட்டேன், பாஸைப் பயணம்னு வச்சுக்கிட்டேன். அன்னைக்கு மூஞ்சியைக் கீத்துப் பக்கம் திருப்பிப் படுத்தவ, மறுநாள் மத்தியானம் வரைக்கும் அவரோட பேசலை.

மூணாம் நாள் சாயங்காலம் படித்துறையில திடீர்னு கூட்டம் சேந்துச்சு. பொம்பளைங்க தாம்பாளத்துல மஞ்சள், குங்குமம், பூ, கற்பூரம்னு வச்சுக்கிட்டு எறங்கி வந்தாங்க. எல்லாரும் மேக்கயே பாத்துட்டு நின்னாங்க. பெரியண்ணன், "பாத்தீங்களா, நம்ம பீச்சுக்கு எவ்வளவு ஜனம்!"னு வேட்டியைத் தழைச்சு விட்டுக்கிட்டு வரவேற்கப் போனார்.

மொதல்ல சத்தம்தான் வந்துச்சு. காஞ்ச இலையைக் கூட்டறாப்ல சரசரன்னு ஒரு சத்தம். அப்புறம் கண்ணுல பட்டுச்சு. செம்மண் கலர்ல, நுரை தள்ளிக்கிட்டு, வைக்கோல், சருகு, மாட்டுச் சாணி எல்லாத்தையும் முன்னாடி உருட்டிக்கிட்டு, நடந்து வர்ற வேகத்துல தண்ணி வந்துச்சு. "புதுத் தண்ணி! காவேரி வந்துட்டா!"ன்னு குலவை போட்டாங்க. என் ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. கோவமெல்லாம் மறந்து, சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு அதுக்கு எதிர்த்தாப்ல ஓடினேன். கணுக்கால்ல வந்து பட்டுச்சு. ஏசு மரி சூசையே, என்ன ஜில்லு!

பின்னாலேர்ந்து ஒரு கை என் தோளைப் புடிச்சு இழுத்துச்சு. எங்க வீட்டுக்காரர். முகத்துல ரத்தமே இல்லை. "மேல ஏறு! ஏறு! ஏறுடீ!"ன்னு கத்தறார். இருபது வருஷத்துல என்னை டீ போட்டது அன்னைக்குத்தான். கெண்டைக்கால் கூட நனையலை, எண்பது வயசுப் பாட்டிம்மா பக்கத்துல நின்னு பூப்போடறாங்க, இந்த ஆம்பளை என்னைத் தரதரன்னு இழுத்துட்டுப் படிக்கட்டுல உருண்டு பொரண்டு ஏறறார். படித்துறையே பாத்துச் சிரிச்சுச்சு. எனக்கு மானம் போச்சு. ஆனா மேல் படிக்கு வந்தும் என் கையை விடாம, நான் முழுசா இருக்கேனான்னு குனிஞ்சு என் காலைப் பாத்தார், அதுல எனக்குத் திட்ட வாய் வரலை.

ஓட்டல் கதை அதோட முடிஞ்சுச்சு. தண்ணி முழங்காலுக்கு ஏறினதும் கொழும்புதான் மொதல்ல கெளம்புச்சு, அப்புறம் சிங்கப்பூர். பரிசல்ல கிராமபோன் ஒத்தையா உக்காந்து போச்சு. அந்த ஓட்டல்ல நெசமா நடந்த ஒரே படகு சவாரி அதுதான். பெரியண்ணன் தலையில ஒரு கேன்வாஸ் நாற்காலியை வச்சுக்கிட்டு, "மழையே பேயலையே! மழையே பேயலையே!"ன்னு வானத்தைப் பாத்துப் புலம்பினார். சமையல் சாமி மேல் படியில நின்னு, "மேட்டூர் தெறந்து மூணு நாளாச்சே. அடியேனை யார் கேட்டா?"ன்னார். சாரா பீவி சிரிச்ச சிரிப்புல வெத்திலை வெளிய வந்துடுச்சு. போகும்போது என் கன்னத்தைத் தொட்டு, "நாகூருக்கு வந்தா நம்ம வீட்டுக்கு வரணும்"னு சொல்லிட்டு ஜட்கா ஏறினாங்க.

"நாமளும் பஸ்ஸுக்குப் போலாங்க"ன்னேன். எங்க வீட்டுக்காரர் ஆத்துக்கு முதுகைக் காட்டி மேல் படியில உக்காந்திருந்தார். எந்திரிக்கலை. "தண்ணி வடியட்டும்."

"இது வடியறதுக்குத் தை மாசம் ஆகும்."

அப்பதான் எனக்கு உறைச்சுச்சு. சீரங்கம் ஒரு தீவு. இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். பஸ்ஸோ ரயிலோ, பொன்மலைக்குப் போகணும்னா ஓடற தண்ணி மேல பாலத்துல போயே ஆகணும். திங்கக்கிழமை சங்கு ஊதும், இவர் இங்க உக்காந்திருப்பார். இவர் இந்த ஓட்டலைத் தேடிப் புடிச்சது ஏன்னும் அப்பதான் புரிஞ்சுச்சு. எனக்கு பீச் வேணும், இவருக்குத் தண்ணி இருக்கக் கூடாது.

சமையல் சாமி ஒரு பித்தளைச் சாப்பாட்டு அடுக்கோட வந்தார். "எல்லாம் ஜலத்தோட போயிடுத்து. இது ஒண்ணுதான் மிஞ்சித்து. பசியா இருப்பேள்." எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வச்சு, இறுகியிருந்த மூடியை முட்டிக்கையால தட்டித் திறந்தார். ததியோன்னம். மாதுளை முத்து போட்டிருந்தார்.

எங்க வீட்டுக்காரர் அதைப் பாத்தார். பாத்துட்டு அழுதார். சாதாரண அழுகை இல்லை. வாய்விட்டு, தோளெல்லாம் குலுங்க, சின்னப் புள்ளையாட்டம் அழுதார். சமையல் சாமி பயந்து போயி, "அபசாரம் ஏதாவது..."ன்னு இழுத்தார். நான் கையைக் காட்டினேன், பாவம், போயிட்டார்.

"என்னங்க? என்னாச்சு?"

அடுக்கைக் கையால காட்டினார். "அரியலூர்ல பெட்டியத் தூக்கினோம்ல. உள்ள போனேன். சீட்டுக்கு அடியில சேத்துல ஒரு அடுக்கு கெடந்துச்சு. மூடி இறுக்கமா இருந்துச்சு. யாருதுன்னு பேரு வெட்டியிருக்கும், வீட்டு ஆளுங்ககிட்ட குடுக்கலாம்னு தொறந்தேன். தயிர்சாதம், அக்னஸ். மாதுளை போட்டு, ஓரத்துல ஒரு துண்டு மாங்கா ஊறுகா. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகலை. ஆள் போயாச்சு, சாதம் அப்படியே இருக்கு."

நான் அடுக்கை மெதுவா என் பக்கம் இழுத்துக்கிட்டேன்.

"நீ கட்டற மாதிரியே இருந்துச்சு. அதே மாதிரி ஊறுகாய ஓரத்துல வச்சு. எனக்கு அது உன்னோடதுன்னே தோணிப் போச்சு. அப்புறம் உன்னை எப்படி ரயில்ல ஏத்துவேன்? எனக்காகவா பயந்தேன்னு நினைச்சே?"

அஞ்சு வருஷமா அவரைக் கோழைன்னு திட்டின வாய் இது. அதை மூடிக்கிட்டு அவரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். ஆமா, படித்துறையில, அத்தனை ஐயங்கார் மாமிங்களுக்கு முன்னாடிதான். பாத்தா பாத்துட்டுப் போகட்டும். எனக்குக் கடலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்னு தோணிச்சு. "போகவே வேணாங்க. இங்கயே ஒரு வீடு பாத்துட்டு இருந்துடலாம். நீங்க புளியோதரை விக்கலாம்"னேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மூக்கைத் துண்டுல தொடைச்சார். ஆத்தைத் திரும்பிப் பாத்தார், கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தார். அப்புறம் எந்திரிச்சு, "வா"ன்னார்.

"பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கங்க."

"எதுல போனாலும் பாலம்தானே. ரயில்லயே போவோம்."

சீரங்கம் ஸ்டேஷன்ல விழுப்புரம் பாசஞ்சர் வந்து நின்னுச்சு. அரியலூர் வழியா வர்ற வண்டி. எங்காளு உடனே ஏறலை. பெட்டிக்கு அடியில குனிஞ்சு பாத்தார், சக்கரத்தைப் பாத்தார், கைப்புடியை ஆட்டிப் பாத்தார். கார்டு விசில் ஊதினார். "ம், நம்ம ஷாப்புல பாத்த பெட்டிதான். ஏறு"ன்னு என்னை மொதல்ல ஏத்திட்டு, பின்னாடியே ஏறினார்.

பாலம் வந்ததும் அடியில சத்தம் மாறிச்சு. என் கையைப் புடிச்சார் பாருங்க, வளையல் ரெண்டு உடைஞ்சுச்சு. "கண்ணை மூடிக்குங்க"ன்னேன். "மூடினாத்தான் தெரியும்"னார். அந்தி வெளிச்சத்துல கீழ ஆறு செவசெவன்னு ஓடுச்சு. நான் எட்டிப் பாத்தேன். ஒரு தூண்ல ஓட்டல் போர்டு சிக்கிக்கிட்டு நின்னுச்சு, மடிசார் கட்டின வெள்ளைக்காரி நட்டுக்குத்தலா தண்ணியில ஆடிட்டிருந்தா. "இங்க பாருங்க, நம்மாளு கடைசியில குளிக்கறா!"ன்னேன். அவரும் எட்டிப் பாத்தார். சிரிச்சார். சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள பாலம் முடிஞ்சு போச்சு.

டவுன் ஸ்டேஷன் தாண்டினதும் கேட்டார், "அந்தப் பாஸ் இன்னும் இருக்கா?"

இடுப்பைத் தொட்டுப் பாத்தேன். பெட்டி படுக்கை போச்சு, சேலை ரெண்டு போச்சு, சுருக்குப் பை மட்டும் இருந்துச்சு. "இருக்கு."

"அடுத்த வாரம் லீவு போடறேன்."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அப்ப வழிக்குப் புளிசாதம் கட்டிடறேன்."

பொன்மலை விளக்கெல்லாம் தெரிய ஆரம்பிச்சுடுச்சு. "இல்லை. தயிர்சாதமே கட்டு. ஊறுகாய ஓரத்துல வச்சே கட்டு. ஆனா வண்டி கெளம்பினதும் மூடியைத் தொறந்துடணும். ரெண்டு பேரும் சாப்பிட்டுடணும். மிச்சம் வைக்கக் கூடாது."

அடுத்த வாரம் அப்படியேதான் கட்டினேன். எனக்குப் பசியே இல்லை. நாகப்பட்டினம் வண்டி ஜங்ஷனை விட்டதும் மூடியைத் தட்டித் தொறந்தேன். அவர் மொத வாயை எடுக்கற வரைக்கும் பாத்துட்டு, அப்புறம் நானும் எடுத்தேன். திருவெறும்பூர் தாண்டறதுக்குள்ள அடுக்கைக் கழுவிக் கவுத்து வச்சாச்சு.